துடைக்கக் கூடாத நாலு கட்டம்

என் செல்லக் கோபு,

அன்றைக்கு மாடியில் யார் யார் இருந்தார்கள் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். அப்புறம் ஒருவரும் நான் அங்கே இல்லை, எனக்கு ஒன்றும் தெரியாது என்று நழுவக் கூடாது. உனக்குக் கர்மா செய்த என் பிள்ளை சேகர் இருந்தான். அவனோடு பெங்களூரிலிருந்து வந்த என் மாட்டுப்பெண் சுதா, கையில் போனோடு. பதிமூன்றாம் நாள் சுபத்தன்றைக்கு எத்தனை இலை போடலாம் என்று இடம் பார்க்க வந்த சாஸ்திரிகள். சுண்ணாம்பு வாளியோடு நிதாய் மிஸ்திரி. தன் மாடியில் துணி உலர்த்துகிற சாக்கில் இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு பௌதி. தண்ணீர்த் தொட்டி நிழலில் பிரம்பு நாற்காலி போட்டுக்கொண்டு பேப்பர் படித்த உன் அத்திம்பேர்.

நான் இல்லை. கீழே உன் அலமாரியைத் திறந்து வைத்துக்கொண்டு எந்தச் சட்டை யாருக்கு என்று பிரித்துக்கொண்டிருந்தேன். என் முழங்காலுக்கு மாடிப்படி ஆகாது என்று அத்தனை பேருக்கும் தெரியும்.

இங்கே தமிழ்ச் சங்கத்து மலரில் உனக்கு ஒரு பக்கம் கொடுக்கிறார்களாம். செயலாளர் வீட்டுக்கு வந்து, "மாமி, கோபு மாமாவைப் பத்தி நல்லதா நாலு வரி எழுதிக் குடுங்கோ" என்று கேட்டார். அஞ்சாம் கிளாஸோடு நின்றவளிடம் கேட்டால் என்ன வருமோ அதுதான் வரும். நல்லதாக எழுதுகிற மனசு எனக்கு இன்னும் வரவில்லை. உனக்கு நான் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். மற்றவர்கள் பக்கத்தில் நின்று கேட்டுக்கொள்ளட்டும்.

படிக்கிறவர்களுக்கு நீ யார் என்று தெரிய வேண்டும். அம்மா போன பிறகு கல்கத்தாவில், டாக்குரியாவில் எங்கள் வீட்டுக்கு வந்த என் ஒரே தம்பி. இங்கேயே படித்து, இங்கேயே ஒரு சர்க்கார் ஆராய்ச்சிக்கூடத்தில் சேர்ந்து, கல்யாணமும் வேண்டாம் என்று மாடியில் இருந்த ஒற்றை அறையிலேயே காலத்தைக் கழித்துவிட்டாய். அனல் மின் நிலையத்தில் மலை மலையாகக் கொட்டிக் கிடக்கிற சாம்பல், உடைந்த வாஷ்பேசின், உடைந்த கோப்பை, இதையெல்லாம் அரைத்துக் குழைத்துப் பூச்சு செய்வது உன் உத்தியோகம். சொந்தக்காரர்கள் கேட்டால் என்ன பதில் சொல்வது என்று தெரியாமல் நான் கெமிஸ்ட்ரி என்று சொல்லிவைத்தேன். உன் அத்திம்பேர் மட்டும் குப்பை அரைக்கிறான் என்று வாயாரச் சொல்வார்.

அந்த மாடி அறை சித்திரையில் இருக்கிற இருப்பு உனக்குத் தெரியாததா? சுவரைத் தொட்டால் கை பின்னால் வரும். ஏ.சி. போட்டுக்கோ என்று எத்தனை தடவை சொன்னேன். நீ சொன்ன பதில் எனக்கு அட்சரம் மாறாமல் ஞாபகம் இருக்கிறது. "அது என் ரூம் சூட்டை எடுத்துத் தெருவுல கொட்டும், அக்கா. தெருவுல இருக்கறவா எங்க கொண்டு கொட்டுவா?" நான் அதற்கு, "நீ முதல்ல வேர்க்காம தூங்கு, தெருவை அப்புறம் பாக்கலாம்" என்றேன். நீ கேட்கவில்லை. கரண்டே செலவழிக்காமல் வெயிலை வந்த வழியே திருப்பி அனுப்புகிற பூச்சு ஒன்றைச் செய்கிறேன் என்று கிளம்பினாய்.

செய்தும் விட்டாய். ரிட்டயர் ஆன பிறகும் விடவில்லை. மாடித் தளத்தில் கைப்பிடிச் சுவரோரமாக நாலு கட்டம் போட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு கலவை பூசி, சுற்றி நீலக் கோடு இழுத்து நம்பர் எழுதினாய். பூசின அன்றைக்கு நாலும் மல்லிகைப்பூ மாதிரி இருந்தன. சரி, வேலை முடிந்தது என்று நான் நினைத்தேன். அப்போதுதான் அந்தச் சட்டம் போட்டாய். யாரும் துடைக்கக் கூடாது, அலம்பக் கூடாது, பெருக்கக் கூடாது.

"புதுசுல எல்லாமே வெள்ளைதான், அக்கா. கல்கத்தா புகை, மழை, பாசி, காக்கா எச்சம் எல்லாம் பட்டதுக்கு அப்புறம் எவ்வளவு வெள்ளை மிஞ்சறது, அதுதான் கேள்வி. துடைச்சா பதில் போயிடும்."

நம் வீட்டில் இது நடக்கிற காரியமா? அமாவாசைக்கு முந்தின நாள் மாடி முதற்கொண்டு அலம்பித் தள்ளுகிற வீடு. வடாம் பிழிந்தால் கூட, பிழிந்த இடத்தை முன்னால் ஒரு தடவை பின்னால் ஒரு தடவை துடைக்கிறவள் நான். அந்த நாலு கட்டத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கை அரிக்கும். ஆனாலும் தொட்டேனா? ஒரு நாள் தொட்டேனா, சொல்லு. வேலைக்காரப் பெண்களை மாற்றும்போதெல்லாம் முதலில் அதைத்தான் சொல்லிக் கொடுத்தேன். பாத்திரம் தேய்க்கத் தெரியாவிட்டால் பரவாயில்லை, அந்த இடத்தில் துடைப்பம் படக் கூடாது என்று.

மௌசுமி வந்தது அப்புறம். உன்னிடம் ஆராய்ச்சி கற்றுக்கொள்ள ஆராய்ச்சிக்கூடத்திலிருந்து அனுப்பின பெண். ஒவ்வொரு மழைக்காலத்துக்கு முன்னாலும் பின்னாலும் சின்ன டப்பா மாதிரி ஒரு கருவியை எடுத்துக்கொண்டு வருவாள். கட்டத்தின் மேல் வைத்து, எவ்வளவு வெயில் திரும்புகிறது என்று பார்த்து எழுதுவாள். வெயிலில் உன் கண் கூசாமல் இருக்க உன் அத்திம்பேர் பக்கத்தில் குடை பிடித்துக்கொண்டு நிற்பார். கீழே வந்து மோர் சாதம் சாப்பிட்டுவிட்டு, "மாஷிமா, ஊறுகாய் இன்னும் கொஞ்சம்" என்று அவள் பெங்காலியில் கேட்கிற தினுசே தனி.

ரயில் லைனை ஒட்டி ஒரு ஆரம்பப் பள்ளிக்கூடம் இருக்கிறதே, ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்டது. பங்குனி தொடங்கினால் அங்கே குழந்தைகள் ஒவ்வொன்றாக மயங்கி விழும். பள்ளிக்கூடத்துக் கூரைகளைக் கவனிக்கிற என்ஜினீயர் ஒருவர், நீங்கள் சொல்கிற பூச்சு இத்தனை மழை தாங்கும் என்று காட்டுங்கள், முழுக்கப் பூசித் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தார். அதற்கு இன்னும் ஒரே மழைக்காலம்தான் பாக்கி. மௌசுமிக்கு உதவித்தொகையும் அந்த மழையோடு முடிகிறது.

மாசி மாதம் நெஞ்சு வலிக்கிறது என்றாய். ஆஸ்பத்திரி வாசலுக்குப் போகுமுன் போய்விட்டாய். ஒரு மழை பொறுத்திருக்கக் கூடாதா?

சாஸ்திரிகள் சொன்னது இவ்வளவுதான். சுபத்தன்றைக்கு மாடியில் இலை போடப் போகிறோம், இடம் சுத்தமாக இருக்கட்டும் என்றார். சேகர் அதைக் கேட்டுவிட்டுத் தீட்டுப் பட்ட வீடு, வெள்ளையே அடித்துவிடலாம் என்று நிதாயைக் கூப்பிட்டான். நிதாய் முதலில் கம்பி பிரஷ்ஷால் பாசியைச் சுரண்டினான். அப்புறம் நீலம் கலந்த சுண்ணாம்பை மொத்த மாடிக்கும் அடித்தான். நான் கீழே உன் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் பாயசம் பரிமாறுகிற நேரத்தில் சுதா என் கையைப் பிடித்து மாடிக்கு அழைத்துப் போனாள். கண் கூசிற்று. எங்கே பார்த்தாலும் வெள்ளை. கொஞ்ச நேரம் எனக்கு என்ன காணவில்லை என்றே புரியவில்லை. புரிந்ததும் பந்தியில் பரிமாறிக்கொண்டிருந்த சேகரைக் கூப்பிட்டேன்.

"மாமாவோட கட்டம் எங்கடா?"

"எந்தக் கட்டம்மா?"

"நம்பர் போட்டது."

"அதுவா? ஒரே கறுப்பும் பாசியுமா கிடந்துது. சுரண்டிட்டுத்தான் அடிச்சான். இப்ப பாரு, பளிச்சுனு இருக்கு. சுண்ணாம்பும் வெள்ளைதானேம்மா. மாமா பண்ணினதும் இதைத்தானே?"

உன் ஆயுசு முழுக்க எல்லாரும் உன்னைக் கேட்ட கேள்வியை உன் சுபத்தன்றைக்கும் கேட்கிறான். இலையில் உட்கார்ந்திருந்த சாஸ்திரிகள் நிமிர்ந்து, "மாமி, இன்னிக்கு மங்களமா முடியணும். கண்ணைத் துடைச்சுக்கோங்கோ" என்றார். "துடைக்கறதைப் பத்தி என்கிட்ட யாரும் பேச வேண்டாம்" என்றேன். உன் அத்திம்பேர் பாயசத்தை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் கேட்டது.

மௌசுமி அப்புறம்தான் வந்தாள். ரஜனிகந்தாப் பூக்கட்டும் சந்தேஷ் மிட்டாய் டப்பாவுமாக மாடி ஏறி வந்தவள் அப்படியே நின்றாள். டப்பாவைக் கீழே வைத்துவிட்டுச் சுவரோரமாக உட்கார்ந்தாள். நகத்தால் சுண்ணாம்பைச் சுரண்டிப் பார்த்தாள். உன் பூச்சும் சேர்ந்து பெயர்ந்து வந்தது, ஏற்கெனவே கம்பி பிரஷ் கிழித்திருந்ததே. அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். மறுவாரம் கருவியோடு வந்து வைத்துப் பார்த்துவிட்டு, "மாஷிமா, இது சுண்ணாம்போட கணக்கு. சாரோடது இல்ல" என்றாள்.

மூன்று போய்விட்டது, கோபு. நாலாவது தப்பித்தது. எப்படி என்று கேள். சமையல்காரர் முந்தின நாளே வந்து பெரிய அண்டாக்களை அந்த மூலையில் கவிழ்த்து வைத்திருந்தார். அதை நகர்த்தச் சோம்பல் பட்டு நிதாய் சுற்றி மட்டும் அடித்துவிட்டுப் போயிருக்கிறான். நாலாவது எது? சாம்பல் அதிகம், விலை மலிவு, தேறாது என்று நீயே உதட்டைப் பிதுக்கின கட்டம். செல்லம் கொடுத்து வளர்த்த மூன்றும் போய், நீ திரும்பிக்கூடப் பார்க்காதது நின்றது. உனக்கு இது வேண்டியதுதான் என்று அந்த நேரத்திலும் நினைத்துக்கொண்டேன்.

ஆராய்ச்சிக்கூடத்துக்கு நானே போனேன். மௌசுமி வேண்டாம் என்றாள், நான் கேட்கவில்லை. உன் இரங்கல் கூட்டத்தில் கோபு தாவின், அதாவது கோபு அண்ணாவின், வேலை சாகாது என்று கைக்குட்டையால் கண்ணை ஒத்திக்கொண்டாரே பெரிய விஞ்ஞானி, அவர் அறைக்கே போனேன். நாற்காலி போட்டார், டீ வந்தது, ஒரு பிஸ்கட்டும் வந்தது.

"மாஷிமா, ஒரே ஒரு கட்டத்தை வைத்து என்ன செய்ய முடியும்? ஒப்பிட்டுப் பார்க்க ஒன்றும் இல்லையே. சோதனை செய்த இடமே கெட்டுப்போய்விட்டது."

"நாலு குழந்தை பிறந்து மூணு போயிட்டா, மிஞ்சின ஒண்ணுக்கு நீங்க பேர் வைக்க மாட்டீங்களா?" என்று பெங்காலியில் கேட்டேன். நான் பிஸ்கட்டைத் தொடாமல் வந்துவிட்டேன். மௌசுமிக்கு உதவித்தொகையை நீட்டித் தர மறுத்துவிட்டார்கள். அவள் சாந்த்ராகாச்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலைக்குச் சேர்ந்தாள்.

அந்தப் பெண் விட்டுவிட்டுப் போயிருக்கலாம். யார் கேட்கப் போகிறார்கள்? ஞாயிற்றுக்கிழமையில் ரயில் மாறி, பஸ் மாறி வந்தாள். சுண்ணாம்பைச் சுரண்டி, போன மூன்று கலவையையும் புதிதாகப் பூசி, நாலாவதுக்குப் பக்கத்தில் நீலக் கோடு இழுத்தாள். புதுசுக்கும் பழசுக்கும் ஒரே கணக்கு ஆகாதே என்று கேட்டேன். ஆகாது மாஷிமா, இந்த மூன்றுக்கும் முதலிலிருந்துதான் மழை பார்க்க வேண்டும் என்றாள். உன்னோடு இருந்து எனக்கும் இதெல்லாம் கேட்கத் தெரிந்திருக்கிறது, பார்த்தாயா?

மழை வந்தது. நான் தினம் மாடி ஏறினேன். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஒரு படிக்கு ஒரு தடவை உன்னைத் திட்டிக்கொண்டு ஏறினேன். பௌதி அங்கிருந்து குரல் கொடுப்பாள், "தீதி, காக்கா உட்கார்ந்திருக்கு, விரட்டட்டுமா?" வேண்டாம், காக்காவும் கணக்கில் உண்டு என்பேன். எனக்கு மூளை கலங்கிவிட்டது என்று அவள் தெரு முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாள். அதையும் மறக்கவில்லை, தனியாக வைத்திருக்கிறேன்.

மழை முடிந்து மௌசுமி கருவியை வைத்தாள். நாலாவது தேறிவிட்டது. தேறியது மட்டும் இல்லை, போன மழைக்கும் இந்த மழைக்கும் குறையவே இல்லை என்றாள். நீ சொன்ன தீர்ப்பு தப்பு, கோபு. உயிரோடு இருந்திருந்தால் உன்னை வாயை மூடிக்கொண்டு நிற்க வைத்திருப்பேன்.

அந்த ஒரு கணக்கை எடுத்துக்கொண்டு மௌசுமி என்ஜினீயரிடம் போனாள். ஒரு கட்டத்துக்கு ஒரு கிளாஸ் ரூம்தான் தர முடியும், மற்றதும் தேறினால் பார்க்கலாம் என்றார். குளிர் லீவில் ஒரு அறைக்கு மட்டும் பூசினார்கள். பங்குனி வெயிலில் மௌசுமி என்னை ரிக்‌ஷாவில் வைத்து அங்கே அழைத்துப் போனாள்.

முதலில் பூசாத அறையில் உட்கார்ந்தேன். புடவைத் தலைப்பு முதுகில் ஒட்டிக்கொண்டது. குழந்தைகள் பேசக்கூட இல்லை, வாயைத் திறந்துகொண்டு சுவரில் சாய்ந்திருந்தன. அப்புறம் பூசின அறைக்குப் போனேன். குளுகுளு என்று இருந்தது என்று பொய் சொல்ல மாட்டேன். வெயில் காலத்து அறைதான். ஆனால் அங்கே குழந்தைகள் சண்டை போட்டுக்கொண்டிருந்தன. ஒன்று இன்னொன்றின் பென்சிலைப் பிடுங்கியது. ஒன்று என் மூக்குத்தியைப் பார்த்து இது வைரமா என்று கேட்டது. சண்டை போடுகிற தெம்பு இருந்தது, அவ்வளவுதான். எனக்கு அது போதும்.

பக்கத்து அறை டீச்சர் வாசலில் வந்து நின்றாள். "மாஷிமா, எங்க ரூமுக்கு எப்போ?" என்று கேட்டாள். மூன்று கட்டமும் இருந்திருந்தால் அந்தக் கேள்விக்கு இடமே இல்லை. இப்போது இன்னும் பல மழை வந்து போக வேண்டும். அதற்குள் எத்தனை குழந்தைகள் அந்தச் சுவரில் சாயும்?

இந்த எரிச்சலோடுதான் வருஷப் பிறப்பு வந்தது. பெங்காலிகளுக்கும் அடுத்த நாளே வருஷப் பிறப்பு, பொய்லா பொய்ஷாக். நிதாய் மிஸ்திரி புதுச் சட்டை போட்டுக்கொண்டு நமஸ்காரம் பண்ண வந்தான். நான் காலை இழுத்துக்கொண்டேன்.

"என்ன மாஷிமா, கோபமா?"

"பண்ணின காரியத்துக்குக் கோபம் வராம? கோடு போட்டு நம்பர் எழுதியிருந்துதே, உனக்குக் கண் இல்லையா?"

அவனுக்கு முகம் சுருங்கிப்போயிற்று. "நான் கேட்டேனே, மாஷிமா. இதை விட்டுடவான்னு கேட்டேன். எல்லாத்தையும் அடின்னு சொன்னாங்க."

"சேகர் சொன்னானா?"

"சேகர் தா அப்போ கீழே இறங்கிப் போய் பந்தல்காரனோட பேசிக்கிட்டிருந்தார். சொன்னது மேஷோ. நாற்காலியில உட்கார்ந்திருந்த மேஷோ."

மாஷிமா நான் என்றால் மேஷோ யார்? கூடத்தில் உட்கார்ந்து வேப்பம்பூப் பச்சடி மீதியை வழித்துக்கொண்டிருந்தார் உன் அத்திம்பேர். நான் போய் எதிரில் நின்றேன்.

"நிதாய் உங்களைக் கேட்டானா?"

"எதை?"

"எதைன்னு உங்களுக்குத் தெரியும்."

கரண்டியைக் கீழே வைத்தார். "கேட்டான்."

"நீங்க என்ன சொன்னேள்?"

"அடின்னேன்."

"அது என்னன்னு தெரிஞ்சேவா?"

"தெரியாம என்ன? வருஷா வருஷம் அவனுக்குக் குடை பிடிச்சவன் நான்தானே." அப்புறம் சொன்னார், "இருந்த வரைக்கும் என் வீட்டு மாடியில நான் எங்க கால் வெக்கணும்னு அவன் சொல்லிண்டிருந்தான். நீயும் அவன் பக்கம். போனதுக்கு அப்புறமும் நான் சுத்திண்டுதான் நடக்கணுமா, அலமு?"

அவர் சொன்னதில் பொய் இல்லை. முதல் டிகாஷன் காப்பி உனக்குத்தான் மாடிக்குப் போகும். காற்று வருகிற மூலை உன்னுடையது. அவர் ஒரு வார்த்தை சொல்லி நான் கேட்டதில்லை. இதையெல்லாம் என் முகத்துக்கு நேரே சொல்லிச் சண்டை போட்டிருக்கலாமே. நீ இருக்கும்போது உன் சட்டையைப் பிடித்துக் கேட்டிருக்கலாமே. நீ எரிந்து சாம்பலான பிறகு, பேப்பரிலிருந்து தலையை நிமிர்த்தாமல் ஒரு வார்த்தையில் முடித்திருக்கிறார்.

அதைக்கூட விழுங்கிவிடுவேன். விழுங்க முடியாதது வேறு. சுபம் நடந்த அன்றிலிருந்து நான் சேகரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அவன் போன் பண்ணினால் ஹலோ என்றதும் இவர் கையில் கொடுத்துவிடுவேன். இவர் வாங்கிக்கொண்டு, ஈஸிசேரில் சாய்ந்துகொண்டு, பிள்ளையோடு சிரித்துச் சிரித்துப் பேசுவார். "அம்மாவுக்கு இன்னும் உன்மேல கோபம்தான்டா, கொஞ்ச நாள் போகட்டும்" என்று சமாதானம் வேறு. நான் சமையலறையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். செய்யாத குற்றத்துக்கு அந்தப் பிள்ளை மன்னிப்புக் கேட்டபோது, போகட்டும் என்று மன்னித்தவர் இவர்.

சேகருக்கு அன்றைக்கே போன் போட்டேன். பேசினோம். சுண்ணாம்பும் வெள்ளைதானே என்று கேட்டதை மட்டும் நான் விடவில்லை, நேரில் வரும்போது வைத்துக்கொள்கிறேன் என்றேன். அவன் சிரித்தான், நானும் சிரித்தேன். சாஸ்திரிகளிடம் எனக்கு ஒன்றும் இல்லை. நிதாய்க்கு அன்றைக்கே பாயசம் கொடுத்தேன். பெரிய விஞ்ஞானியும் ஒரு நாள் பூசாத அறையில் போய் உட்கார்ந்தால் என் கணக்கில் சரியாகிவிடும்.

உனக்கு ஒரு வாக்கு கொடுக்கிறேன், கோபு. மௌசுமி போட்ட மூன்று கட்டமும் தேறுகிற வரைக்கும் இந்த மாடியில் துடைப்பமும் ஏறாது, வாளியும் ஏறாது. திவசம் வந்தாலும் கல்யாணம் வந்தாலும் இலை கீழேதான். பக்கத்து அறை டீச்சருக்கு நானே போய்ப் பதில் சொல்வேன். அது வரைக்கும் எனக்குச் சாக நேரமில்லை.

அவருக்கு வேளாவேளைக்குச் சாப்பாடு போடுகிறேன். மாத்திரை எடுத்துக் கொடுக்கிறேன். கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். மன்னிக்க மட்டும் மாட்டேன். கல்யாணமான நாளிலிருந்து அவர் பெயரை நான் வாயால் சொன்னதில்லை, ரேஷன் கார்டு ஆபீசில் கேட்டபோதுகூடச் சேகரைச் சொல்லச் சொன்னேன். மலர் வந்ததும் முதலில் பிரித்துப் படிக்கிறவர் அவர்தான். படிக்கட்டும், நானே என் கையால் எழுதுகிறேன்.

வைத்தியநாதன்.

இப்படிக்கு,
உனக்கு அம்மாவாகவும் இருந்த அக்கா,
அலமு